மிஸ்ராத்தாவில் இழந்த டிம்

நேயர்களுக்கு வணக்கம்.

2011 ஏப்ரல் 20. லிபியாவின் மிஸ்ராத்தா நகரம், திரிப்போலி வீதி. கடாஃபியின் படைக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் கட்டடத்துக்குக் கட்டடம் சண்டை. அன்று வெடித்த குண்டு இரண்டு புகைப்படப் பத்திரிகையாளர்களின் உயிரைக் கொண்டுபோனது. கிறிஸ் ஹோண்ட்ரோஸுக்குத் தலையில் காயம். டிம் ஹெதரிங்டனுக்குத் தொடை இடுக்கில். பிக்-அப் வண்டியின் பின்புறம் கிடத்தி மருத்துவமனைக்கு விரைந்தார்கள். போய்ச் சேருமுன் ரத்தம் வடிந்தே டிம் போய்விட்டார். வயது 40.

லைபீரியாவின் உள்நாட்டுப் போரைப் படமெடுக்கப் போனவர், போர் ஓய்ந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்தார். ஆப்கானிஸ்தானின் கொரங்கல் பள்ளத்தாக்கில் அமெரிக்கச் சிப்பாய்களோடு தங்கியபோது, அவர்கள் அயர்ந்து தூங்கும் முகங்களை எடுத்தார். தாய்மார் மட்டுமே பார்க்கும் முகங்கள் அவை. பதுங்கு குழியில் களைத்துச் சாய்ந்த ஒரு சிப்பாயின் படம் 2007-ஆம் ஆண்டுக்கான உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது.

டிம்மின் நண்பரும் எழுத்தாளருமான செபாஸ்டியன் யுங்கரை அந்தப் பிக்-அப் வண்டிதான் விடாமல் துரத்தியது. உடனிருந்தவர்களுக்கு ரத்தத்தை நிறுத்தத் தெரிந்திருந்தால்? எந்த நிறுவனத்தையும் சாராமல் போர் முனைக்குப் போகும் பத்திரிகையாளர்களுக்கு இலவசமாக முதலுதவி கற்றுக்கொடுக்கும் 'ரிஸ்க்' அமைப்பை அவர் தொடங்கினார். முதல் வகுப்பு 2012 ஏப்ரலில், நியூயார்க்கின் பிராங்க்ஸில்.

வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களே அவகாசம். கையிலோ காலிலோ காயம் என்றால் டூர்னிகே பட்டை, அதாவது கோலால் முறுக்கி இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் பட்டை. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே மாட்ட வேண்டும், மூட்டின் மேல் கூடாது. காயம் எங்கே என்று தெரியாவிட்டால் உடைக்கு மேலேயே, எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே. முறுக்குக் கோலைத் தொடுமுன் பட்டையைத் தளர்வே இல்லாமல் இழுத்துவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: தொளதொளவென்று விட்டுக் கோலை எத்தனை சுற்று சுற்றினாலும் தமனி அடைபடாது. பட்டைக்கு அடியில், உடைப் பையில் லென்ஸ் மூடியோ கைப்பேசியோ இருந்தாலும் இதே கதி. ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கோலைப் பூட்டி, நேரத்தை எழுதுங்கள். வலி உயிரை உலுக்கும், அடிபட்டவர் கெஞ்சுவார். இரக்கப்பட்டுத் தளர்த்தினால் ரத்தம் மறுபடி பாயும். நிற்கவில்லையென்றால் பக்கத்திலேயே இன்னொரு பட்டை.

ஆனால் டிம்முக்குப் பட்ட இடம் தொடை இடுக்கு. அங்கே பட்டை மாட்ட இடமில்லை. காயத்துக்குள் விரலை விட்டு, ரத்தம் பீறிடும் புள்ளியைத் தேடி, ரத்தம் உறையவைக்கும் காஸ் துணியை அதன்மேலேயே திணித்துக்கொண்டு வர வேண்டும். மேலாக வைத்து மூடினால் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். குழி நிறைந்ததும் முழு உடல் எடையும் இறங்க 3 நிமிடம் அழுத்தம். சாதாரணத் துணியென்றால் 10 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. குலுங்கும் வண்டியிலும் கையை எடுக்கக் கூடாது.

பட்டை கேமரா பையின் அடியில் கிடந்தால் பயனில்லை. பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, இரண்டு கைக்கும் எட்டும்படி சட்டைக்கு வெளியே மாட்டுங்கள். மலிவான போலிகளில் முறுக்கும்போதே கோல் முறிந்துவிடுகிறது. பழகுவதற்கென்று தனியே ஒன்று வாங்குங்கள். பலமுறை முறுக்கித் தேய்ந்த பட்டையைக் களத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.