அம்புக்குறிக்குள் ஒரு நாள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். வருஷம் தவறாமல் கரும்பலகையில் ஒரு படம் போடுவேன். இடது பக்கம் கடல், நடுவில் மலை, வலது பக்கம் சமவெளி. கடலிலிருந்து ஓர் அம்புக்குறி கிளம்பி மலைமேல் ஏறும். உச்சியில் நீலச் சாக்பீஸால் மழைக்கோடுகள். மலைக்கு இந்தப் பக்கம் அம்புக்குறி இறங்கும்போது கோடு எதுவும் இருக்காது. அதற்குக் கீழே 'மழை மறைவுப் பகுதி' என்று எழுதி அடிக்கோடு போட்டால் பாடம் முடிந்தது. பரீட்சையில் ஐந்து மதிப்பெண்.

அந்த மழை மறைவுப் பகுதியில்தான் நானும் பிள்ளைகளும் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தோம். அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பாடப் புத்தகத்தில் தக்காணப் பீடபூமியை உதாரணம் காட்டியிருந்தார்கள். நானும் அதையே ஒப்பித்துவிட்டு மணியடித்ததும் கிளம்பிவிடுவேன்.

போன ஆனி மாதக் கடைசியில் அந்த அம்புக்குறி போகிற வழியிலேயே ஒரு நாள் முழுக்கப் போய்வந்தேன். காலையில் மழைக்காடு, சாயங்காலம் கடற்கரை.

இப்படி ஒரு பயணத்துக்குக் காரணம் என் தங்கச்சி மகன். பெங்களூரிலிருந்து மனைவியோடும் ஒன்பது வயது மகளோடும் வந்திருந்தான். ஊரில் கல்யாணம், காது குத்து என்று எல்லாம் போக, கையில் மிச்சம் ஒரே ஒரு நாள். "மாமா, ஒரு காடு, ஒரு பீச். ரெண்டும் ஒரே நாள்ல முடியுமா?" என்றான். சுற்றுலா வேனில் போனால் அவர்கள் நிறுத்துகிற இடத்தில்தான் இறங்க வேண்டும், கூப்பிடுகிற நேரத்தில் ஏற வேண்டும். அது சரிப்படாது என்று தனியாக ஒரு காரைப் பேசினோம். என் வீட்டம்மா முந்தின ராத்திரியே இட்லி அவித்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாழையிலையில் பொட்டலம் கட்டிவிட்டாள். செக்போஸ்டில் பிளாஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள்வார்கள். வாழையிலையை யாரும் கேட்கமாட்டார்கள்.

விடிவதற்குள் கிளம்பி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு. அங்கிருந்து மாஞ்சோலைக்கு மலையேற வேண்டும். இது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988ல் அறிவித்தார்கள், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். வனத்துறை அனுமதி இல்லாமல் மேலே போக முடியாது. மழை வலுத்தால் பாதையை மூடிவிடுவார்கள். விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் போக நினைப்பவர்கள் அம்பாசமுத்திரத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நாங்கள் போன அன்று சாரல்தான், விட்டார்கள்.

அணைக்கட்டுப் பக்கம் முள்ளும் புதருமாக நம்ம ஊர்க் காடுதான். வளைந்து வளைந்து ஏற ஏற மரங்கள் மாறிக்கொண்டே வரும். மாஞ்சோலையில் தேயிலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929ல் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகைக்கு எடுத்த நிலம். அதற்கு முன்னால் அங்கேயும் காடுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் இப்போது பலவற்றில் பூட்டுத் தொங்குகிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களின் கதை தனியாக ஓர் உரைக்கு வரும். இன்று அதைத் தொடவில்லை.

மாஞ்சோலையைத் தாண்டி மேலே காக்காச்சி. 1200 மீட்டரை ஒட்டிய உயரம். தேயிலைச் சரிவு ஓரிடத்தில் கத்தியால் நறுக்கினாற்போல முடிந்து காடு தொடங்குகிறது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். மழை பெய்கிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியவில்லை. மேலே பெய்வது இலையில் விழுந்து, அது அடுத்த இலைக்கு இறங்கி, நம் தலைக்கு வந்து சேர நேரமாகிறது. மழை நின்ற பிறகும் காடு பெய்துகொண்டே இருக்கும்.

இலைகளைப் பார்க்கச் சொன்னேன். மரம் வேறு வேறாக இருந்தாலும் முக்கால்வாசி இலைகளுக்கு நுனியில் ஒரு சின்ன வால் நீண்டிருந்தது. சின்னவள் ஓர் இலையையே குறிவைத்து நின்றாள். வால் நுனியில் தண்ணீர் திரண்டு, கனத்து, சொட்டியது. உடனே அடுத்த சொட்டு திரள ஆரம்பித்தது. அந்த இலையில் தண்ணீர் தங்குவதே இல்லை. தங்கினால் பாசியும் பூஞ்சையும் பிடித்துவிடும் என்பதற்காக மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது என்பார்கள். "பென்சில் மாதிரி சீவி வச்சிருக்கு தாத்தா" என்றாள். பறிக்கக் கூடாது என்று முன்னமே சொல்லியிருந்ததால், நோட்டில் வரைந்துகொண்டாள்.

ரோட்டில் ஒரு பழத்தின் தோடு பிளந்து கிடந்தது. முள் என்றால் அப்படி முள், வெறும் கையால் எடுக்க முடியாது. வெடிப்பலா. டுரியான் பழத்துக்குச் சொந்தக்கார மரம். பூ, கிளைநுனியில் பூக்காமல் கிளையின் பட்டையிலேயே கொத்துக்கொத்தாகப் பூக்கும். சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, இதன் பூவும் பழமும் பெரிய ஆகாரம். சோலைமந்தியை நாங்கள் பார்க்கவில்லை. தின்றுபோட்ட தோட்டைப் பார்த்ததோடு சரி. கருமந்தி ஒன்று மட்டும் உச்சாணிக் கிளையிலிருந்து ஹூ ஹூ என்று எங்களை அதட்டிவிட்டுப் போனது. மழையில் நனைந்த நாங்கு மரத்தின் தளிர் செக்கச்செவேலென்று இருந்தது. அதைப் பூ என்றே நினைத்து மருமகன் பத்துப் படம் எடுத்தான்.

சாலையை விட்டு இறங்கக் கூடாது என்பது நிபந்தனை. நாங்கள் இறங்கவில்லை. அட்டைகளுக்கு அப்படி நிபந்தனை எதுவும் கிடையாது. மற்றவர்கள் சாக்ஸில் மூக்குப்பொடி தேய்த்துக்கொண்டார்கள். எனக்கு அந்த நெடி ஆகாது, வேண்டாம் என்றுவிட்டேன்.

"இந்த மழை எங்கேயிருந்து வருது தாத்தா?" என்று கேட்டாள். கடலிலிருந்து என்றேன். "நாம சாயங்காலம் போற கடலா?" இல்லை, மலைக்கு அந்தப் பக்கத்துக் கடல், அரபிக்கடல். அங்கே ஈரத்தை ஏற்றிக்கொண்டு வருகிற காற்றை மலை வழிமறிக்கிறது. காற்று மேலே ஏறுகிறது. ஏறினால் குளிரும், குளிர்ந்தால் சுமையை இறக்கி வைக்கும். இந்த உச்சியில் வருஷத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் சாயங்காலம் போகவிருந்த கடற்கரையில் அதில் கால் பங்குகூடத் தேறாது. இவ்வளவையும் நான் கரும்பலகை இல்லாமல் சொல்லி முடித்தது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது காற்று என் வேட்டியை இழுத்துக்கொண்டிருந்தது.

பத்தரை மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். மேலே சால்வை போர்த்தியிருந்த என் வீட்டம்மா பாதி வழியில் அதை மடித்து வைத்தாள். மணிமுத்தாற்றில் விசிறி கேட்டாள். இறங்குகிற காற்று ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் கிட்டத்தட்ட பத்து டிகிரி சூடேறும் என்று படித்ததையும் படிப்பித்ததையும் அவள் சால்வையை வைத்தே சொல்லியிருக்கலாம்.

மேலே விழுந்த மழை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அது காற்றோடு வரவில்லை, ஆற்றோடு வந்தது. கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவிப் பக்கம் கார் பருவத்து நெல் நடவு பச்சைப்பசேலென்று நின்றது. வயல்மேல் ஒரு சொட்டு மழை இல்லை. வானம் வெளுத்துக் கிடக்கிறது. ஆனாலும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. எட்டு அணைக்கட்டு, 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம் என்று தாமிரபரணியின் கணக்கை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் ஆனியில் நட்ட கார் நெல்லுக்குத் தண்ணீர் தந்தது, வயலை எட்டிக்கூடப் பார்க்காத மழை. அது தென்மேற்குப் பருவத்து மழை. ஐப்பசி வந்தால்தான் நமக்கு நேரடியாகப் பெய்யும், அது பிசானப் பருவத்து நெல்லுக்கு.

களக்காட்டுச் சாலையில் வாழைத் தோட்டங்கள். ஒவ்வொரு வாழைக்கும் கம்பால் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அப்படியும் ஒரு தோட்டத்தில் ஏழெட்டு வாழை குலையோடு சாய்ந்து கிடந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்து, "ராத்திரி அடிச்ச காத்து அண்ணாச்சி" என்றார். அவருக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் வாழை உண்டாம். அப்புறம் நாங்குநேரி வரைக்கும் அவர் பேசவில்லை.

நாங்குநேரிக்குத் தெற்கே தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைக்கு இடையில் சந்து கிடைத்ததும் காற்று அதில் புகுந்து பாய்ந்து வருகிறது. தெற்கு நெல்லை முழுக்க இந்த மாதங்களில் மரங்களெல்லாம் கிழக்கே சாய்ந்துதான் நிற்கும்.

சாத்தான்குளத்தைத் தாண்டியதும் மண் சிவந்துகொண்டே வந்தது. அடுத்தது தேரி. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: செக்கச்சிவந்த மணல்மேடுகள், அதில் பனை, உடைமரம், கொல்லாமரம் என்கிற முந்திரி. கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சிவப்புப் பாலைவனம். மேற்கே உள்ள செம்மண் பூமியைத் தென்மேற்குக் காற்று காலங்காலமாக அள்ளிவந்து குவித்ததுதான் தேரி என்பது பழைய விளக்கம். நாங்கள் நின்ற பத்து நிமிஷத்தில் அது விளக்கமாகத் தெரியவில்லை, கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தியது. மேட்டின் முகட்டில் மணல் புகைபோலக் கிளம்பி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் ஏறிவந்த காலடித் தடம் திரும்பி வரும்போது இல்லை. சின்னவள் ஈர விரலால் மணலைத் தேய்த்துப் பார்த்தாள். விரல் காவியாகிவிட்டது. ஒவ்வொரு மணிமேலும் இரும்புத் துரு ஒரு பூச்சாகப் படிந்திருக்கிறது. அதுதான் அந்த நிறம்.

காலையில் நம்மை நனைத்த அதே காற்றுதான் இது என்றேன். அவள் நம்பவில்லை. அவள் அப்பாவும் நம்பவில்லை. செல்போனில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தான். மேற்கு.

உடன்குடியில் கருப்பட்டி வாங்கினோம். நல்ல கருப்பட்டியா, சீனி கலந்ததா என்று என் வீட்டம்மா உடைத்துப் பார்த்து, நக்கிப் பார்த்து, மூன்றாவது கடையில்தான் சமாதானமானாள். அதில் முக்கால் மணி நேரம். தனி வண்டியின் சுகமும் அதுதான், செலவும் அதுதான்.

மணப்பாட்டுக்கு நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இதெல்லாம் 1986ல் பிரிந்துபோய் இப்போது தூத்துக்குடி மாவட்டம். எனக்கு மட்டும் இன்னும் நெல்லைச் சீமைதான். கடலுக்குள் மூக்கை நீட்டிய ஒரு மணற்குன்று. அதன்மேல் 1581ல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே பாறைக் குகை. 1542ல் வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் இடம் அது. குன்றுக்கு ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கிறது, மறு பக்கம் கருமேனியாற்றுக் கழிமுகம் குளம்போலக் கிடக்கிறது. கரை மணலில் அடப்பங்கொடி படர்ந்திருந்தது. அதன் இலைக்கு வால் கிடையாது; தடியாக, நடுவில் பிளந்து, ஆட்டுக்குளம்பு மாதிரி இருக்கும். சின்னவள் காலையில் வரைந்த இலைக்குப் பக்கத்திலேயே இதையும் வரைந்தாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைக்கலாம் என்று சாக்ஸை உருவினேன். கணுக்காலில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. சாக்ஸ் மடிப்புக்குள் கறுப்பு திராட்சைப் பழம்போல ஒன்று உருண்டு கிடந்தது. காக்காச்சியிலிருந்து காற்றாலையும் தேரியும் கருப்பட்டிக் கடையும் பார்த்துக்கொண்டு என்னோடு மணப்பாடு வரைக்கும் வந்திருக்கிறது. கடிப்பதே தெரியாமல் கடித்துவிட்டு, ரத்தம் உறையாமலும் பார்த்துக்கொண்டு குடிக்கிற பிராணி. எனக்கு ஏழு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "அட்டையா? மலைக்குப் போயிட்டு வாரியளோ?" என்றார். ஆமாம் என்றேன். "அங்க மழையா?" சாரல் என்றேன். "அதான் இங்க இந்தப் போடு போடுது" என்று கடலைக் காட்டினார். முப்பத்தொரு வருஷம் நான் போட்ட படம் அவருக்கு ஒரே வாக்கியம்.

அப்போதுதான் சின்னவளின் தொப்பி பறந்தது. எல்லோரும் எழுந்து ஓடினோம். அது கரையில் இரண்டு குட்டிக்கரணம் போட்டு, அலையைத் தாண்டி, கடலுக்குள்ளேயே போய்விட்டது. காற்று நம் முதுகுப் பக்கத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது என்பது அந்தத் தொப்பியால் எல்லோருக்கும் புரிந்துபோனது. மருமகனுக்கும்தான். அழப்போன பிள்ளையிடம் பெரியவர், "கச்சான் கொண்டுபோயிருக்கு பாப்பா. ஐப்பசியில கொண்டல் வரும். அது திருப்பிக் கொண்டாந்து போடும், பாரு" என்றார்.

கச்சான் என்றால் மேல்காற்று, கொண்டல் என்றால் கீழ்க்காற்று. கடலிலிருந்து கரைக்கு வரும். அப்போது அம்புக்குறி திரும்பிவிடும். திரும்புகிற வழியில் இருட்டில் நான் சொன்னேன்: ஐப்பசியில் இதையே தலைகீழாகப் போய்ப் பார்க்கலாம், காலையில் மணப்பாடு, சாயங்காலம் காக்காச்சி, காற்றுக்கு முன்னாலேயே. பின்சீட்டில் ஒரே உற்சாகம். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சாயங்காலம் செக்போஸ்ட்ல விடமாட்டாங்க."

நன்றி. வணக்கம்.