எகிப்து எங்கே இருக்கிறது?

நடுவர் அவர்களே, வணக்கம். எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேல் மக்களை மீட்டு அழைத்துவந்த மோசேயின் பைபிள் கதை பேசுவது மண்ணின் விடுதலையையா, மனத்தின் விடுதலையையா என்பது இன்றைய கேள்வி. மனத்தின் விடுதலையே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "செங்கல் சுமந்தவன் முதுகில் விழுந்தது நிஜ சாட்டை. அதைப் போய் உருவகம் என்கிறீர்களே!" என்றார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

சாட்டை நிஜம்தான் ஐயா, யார் இல்லை என்றது? நான் கேட்பது சாட்டை ஓய்ந்த பிறகு நடந்ததை. செங்கடலைத் தாண்டியாயிற்று; எகிப்து மன்னன் பார்வோனின் படை மூழ்கியாயிற்று. பிறகும் அந்த மக்கள் அழுகிறார்கள். எதற்கு? பைபிளின் எண்ணாகமம் பட்டியலே போடுகிறது: மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு. "எகிப்தில் காசில்லாமல் சாப்பிட்டோமே!" காசில்லாமலாம்! பெற்ற ஆண்பிள்ளைகளை நைல் நதியில் போடச் சொன்ன ஊர் அது. பூண்டு வாசனை நினைவிருக்கிறது, பிள்ளையை மறந்துபோயிற்று.

ஓரேப் மலையிலிருந்து காதேஸ்பர்னேயாவுக்கு 11 நாள் பயணம் என்கிறது பைபிளின் இன்னொரு நூலான உபாகமம். கடவுள் வாக்களித்த நாட்டின் வாசல் அது. அங்கே போய் நின்றவர்கள், "ஒரு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்புவோம்" என்றார்கள். 40 ஆண்டு வனாந்தரம்! வழி தெரியாமலா அலைந்தார்கள்?

இது நான் கட்டிய விளக்கம் இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜென் அந்தப் பயணத்தின் 42 தங்குமிடங்களையும் ஆன்மா ஏறும் படிகளாகப் படித்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொருவரும் தாமே எகிப்திலிருந்து புறப்பட்டதாக எண்ண வேண்டும் என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. போகாத ஊரிலிருந்து எப்படி ஐயா புறப்படுவது, அந்த ஊர் நமக்குள்ளேயே இல்லாவிட்டால்?

"உள்விடுதலை பேசித்தானே அடிமைகளை அடக்கினார்கள்?" என்றும் எதிரணித் தோழர் கேட்டார். நியாயமான கேள்வி, அப்படிப் பேசியவர்களுக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் 1807இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சிட்டார்கள். யோசேப்பு அடிமையாக விற்கப்பட்டது அதில் இருந்தது. மோசே மக்களை மீட்டது இல்லை. கையில் விலங்கு, சுற்றிலும் கடல். ஒரு கதையைப் படித்து எங்கே ஓடிவிடப் போகிறான்? ஆனாலும் வெட்டினார்கள். படித்தவன் நின்ற இடத்திலேயே அடிமையாக இல்லாமல் போய்விடுவான் என்பது, எதிரணிக்குத் தெரியாவிட்டாலும், எஜமானுக்குத் தெரிந்திருந்தது.

மணி அடிக்கிறீர்கள், ஒரே ஒரு காட்சி. யாத்திராகமம் 21ஆம் அதிகாரம். ஏழாம் ஆண்டில் எபிரெய அடிமைக்கு விடுதலை. காசு கட்ட வேண்டாம், கதவு திறந்திருக்கிறது. அவனோ, "என் எஜமானையும், என் மனைவியையும், என் பிள்ளைகளையும் நேசிக்கிறேன், போகமாட்டேன்" என்கிறான். குடும்பத்துக்காகத் தங்குகிறான் என்று எதிரணி சொல்லும். இருக்கட்டும், ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலில் எஜமான்! உடனே அவனைக் கதவுநிலையில் நிறுத்தி, ஆயுளுக்கும் அடிமை என்பதற்கு அடையாளமாகக் காதில் கம்பியால் துளை போடுகிறார்கள்.

தீர்ப்பு எழுதும் முன் நடுவர் அவர்கள் தம் காதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். நான் மேடை ஏறும் முன்பே பார்த்துவிட்டேன். நன்றி, வணக்கம்.