ஐஜிஐ ஒன்னா, ரெண்டா? மொட்டை மாடிப் பஞ்சாயத்து

வணக்கம் மக்களே. மைக்ல காத்து சத்தம் வந்தா பொறுத்துக்கங்க, மொட்டை மாடியில உக்காந்து பேசிட்டிருக்கேன். இடம் கிருஷ்ணகிரி, பழையபேட்டை. எனக்குப் பின்னாடி தெரியுதே அந்தப் பாறை, அதுதான் நம்ம கோட்டை மலை. அதை ஃப்ரேம்ல வச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு, பொறுமையா வரேன்.

என் சித்தி பையன் ஓசூர்ல காலேஜ் படிக்கிறான். போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்து, "அண்ணா, நீ எப்பப் பாத்தாலும் ஐஜிஐ ஐஜிஐனு ஒரு கம்ப்யூட்டர் கேமைச் சொல்ற, அதுல ஒன்னாவது பாகம் நல்லாருக்குமா ரெண்டாவது நல்லாருக்குமா"னு கேட்டான். சட்டுனு "ஒன்னு"ன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான் பாருங்க, அப்பதான் திணறிப் போயிட்டேன். ஏன்னா காகிதத்துல எழுதி வச்சுப் பாத்தா எல்லா விதத்துலயும் ரெண்டுதான் பெட்டர். அப்ப நான் ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த வீடியோவே அதுக்குத்தான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. ப்ராஜெக்ட் ஐஜிஐ, 2000 கடைசியில வந்தது. 'ஐ ஆம் கோயிங் இன்' அப்படிங்கறதோட சுருக்கம்தான் ஐஜிஐ, அதாவது 'உள்ள போறேன்'. நார்வே நாட்டு ஓஸ்லோவுல இருந்த இன்னர்லூப் ஸ்டூடியோஸ் செஞ்சது, ஐடாஸ் வெளியிட்டது. ரெண்டாவது பாகம் கோவர்ட் ஸ்ட்ரைக், 2003-ல கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்டாங்க, செஞ்சது அதே இன்னர்லூப்தான். ரெண்டுலயும் நம்ம ஆளு டேவிட் ஜோன்ஸ். ஒத்தை ஆளா எதிரியோட மிலிட்டரி பேஸ்க்குள்ள புகுந்து வேலையை முடிச்சுட்டு வெளிய வரணும். முதல் பாகத்துல 14 மிஷன், திருடு போன அணுகுண்டைத் தேடிப் போற கதை. ரெண்டாவதுல 19 மிஷன், லிபியா, சைனானு ஊர் ஊரா சுத்துவான். கதையைப் பத்தி இதுக்கு மேல பேச எனக்கு ஒன்னும் இல்ல. ரெண்டுலயும் கதைக்காக யாரும் விளையாடல.

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம்.

முதல் பாகத்தோட பெரிய குறை என்னன்னு யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். சேவ் கிடையாது. மிஷனுக்கு நடுவுல எங்கயும் நிறுத்தி வைக்க முடியாது. முக்கால் மணி நேரம் பாடுபட்டு, கேமராவை ஆஃப் பண்ணி, டவர்ல இருந்தவனை இறக்கி, கம்ப்யூட்டரை ஹேக் பண்ணி, வெளிய வர்ற வழியில எவனோ ஒருத்தன் கதவுக்குப் பின்னாடி நின்னு சுட்டான்னா, முடிஞ்சுது கதை. முதல்ல இருந்து வா.

இதை நாங்க எங்க விளையாடினோம்னு யோசிச்சுப் பாருங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடியில ப்ரௌசிங் சென்டர். அஞ்சு சிஸ்டம், ஒரு மணி நேரம் 15 ரூபாய். நான் பத்தாவது. ஒரு சிஸ்டத்துக்கு மூனு பேர், ஒருத்தன் மவுஸ், ஒருத்தன் கீபோர்டு, ஒருத்தன் வாய். வாய்தான் டேஞ்சர். "சுடுடா, சுடுடா"னு கத்திக்கினே இருப்பான். சென்டர் அண்ணா அங்கருந்து "டேய், சத்தம் போட்டா எழுந்து போங்கடா"ம்பாரு.

அப்புறம் வந்துச்சு பவர் கட். 2008-க்கு அப்புறம் நம்ம ஊர்ல கரண்ட் இருந்த லட்சணம் இந்த வீடியோ பாக்குற முக்காவாசிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னு ஆரம்பிச்சு, போகப் போக எப்ப வரும் எப்ப போகும்னு அதுக்கே தெரியாது. சென்டர்ல யுபிஎஸ் இருந்தது அண்ணாவோட சிஸ்டத்துக்கு மட்டும். சேவ் இல்லாத கேமு, யுபிஎஸ் இல்லாத சிஸ்டம். ரெண்டாவது மிஷன், ஏவுகணை பேஸ், அதை நான் எத்தனை தடவை முக்காவாசி முடிச்சிருக்கேன்னு கணக்கே இல்ல. ஃபேன் சுத்துற வேகம் குறையும் பாருங்க, லோ வோல்டேஜ்ல ஒரு இழுவை இழுக்கும், அந்த சத்தம் கேட்டாலே வயித்தைக் கலக்கும். ஜோன்ஸுக்கு எதிரி ரஷ்யாக்காரன் இல்ல மக்களே, ட்ரான்ஸ்ஃபார்மர்தான்.

ரெண்டாவது பாகத்துல இதைச் சரி பண்ணிட்டாங்க. சேவ் வந்துச்சு. அதுவும் கணக்கில்லாம இல்ல, ஒரு மிஷனுக்கு இத்தனை தடவைதான்னு கணக்கு. நல்ல யோசனைதான், இல்லன்னு சொல்லல. கூடவே தரையோட தரையா படுத்து ஊர்ந்து போகலாம், சுவர் ஓரத்துல தலையை மட்டும் நீட்டி எட்டிப் பாக்கலாம். ஒளிஞ்சு போற கேம்னு சொல்லிட்டு முதல் பாகத்துல படுக்கவே முடியாது, குந்த மட்டும்தான் முடியும். இதெல்லாம் பெரிய முன்னேற்றம். மல்டிப்ளேயரும் வந்துச்சு. முதல் பாகத்துல அது சுத்தமா இல்ல, நாங்க மூனு பேரு ஒரே ஆளை ஓட்டினதுதான் எங்க மல்டிப்ளேயர்.

அப்புறம் எதிரிங்களோட மூளை. முதல் பாகத்துல பக்கத்துல நின்னவன் செத்து விழுவான், இவன் பாட்டுக்குக் கோயிலைச் சுத்துற மாதிரி ரவுண்டு போயிட்டிருப்பான். ஆனா நானூறு அடி தூரத்துல இருக்கிறவன் குறி தவறாம நம்மளைச் சுடுவான். அலாரம் அடிச்சிட்டா போச்சு, பேரக்ஸ் கதவு திறக்கும், உள்ள இருந்து ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா வந்துக்கினே இருப்பான், ரேஷன் கடையில பாமாயில் வந்த அன்னைக்கு மாதிரி.

இவ்வளவு குறை சொல்லிட்டு எதுக்குடா ஒன்னுதான் பெஸ்ட்னு சொல்றேன்னு கேக்குறீங்களா? இப்பதான் மலைக்கு வரேன்.

இருங்க, கேமராவைத் திருப்புறேன். தெரியுதா? சின்ன வயசுல ஞாயித்துக்கிழமை ஆனா நாங்க ஏறுற இடம் இதுதான். மேல போய் நின்னா ஊரே காலடியில இருக்கும். பழையபேட்டை வீடுங்க, ரவுண்டானா, பெங்களூர் போற ரோட்டுல வரிசையா லாரிங்க, எல்லாம் தீப்பெட்டி சைஸ்ல. எங்க வீட்டு மாடியில அம்மா துணி காயப் போடுறது தெரியும். பச்சைக் கலர் சேலைன்னா அது எங்க அம்மா. எந்தத் தெருவுல எங்க அப்பா வண்டி வருதுன்னு பாத்துட்டு, வேற பக்கமா இறங்கி வீட்டுக்கு ஓடி, புத்தகத்தைத் திறந்து வச்சிக்கினு உக்காந்துடுவேன்.

ஐஜிஐ முதல் மிஷன் ட்ரெயின்யார்டு. முதன்முதல்ல அதைத் திறந்தப்ப நான் பாத்தது இதேதான். மேட்டு மேல நிக்கிறோம். கீழ பேஸ். கையில பைனாகுலர். ஒரு டவர், ஒரு கேட்டு, வேலி, அங்கங்க எறும்பு மாதிரி ஆளுங்க. யாரும் அவசரப்படுத்தல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம். இன்னொன்னு, மேப் கம்ப்யூட்டர்னு ஒன்னு கொடுத்திருப்பாங்க. சாட்டிலைட்ல இருந்து அந்த இடத்தை அப்படியே மேல இருந்து காட்டும், ஜூம் பண்ணா எவன் எங்க நடக்கிறான்னு தெரியும். கூகுள் மேப் நம்ம கைக்கு வர்றதுக்கு எவ்வளவோ முன்னாடி. அன்னைக்கு அது எங்களுக்கு மாயாஜாலம்.

அவ்வளவு பெரிய வெட்டவெளியை 2000-ல எப்படிக் காட்டினாங்க? அதுக்கு ஒரு கதை இருக்கு. இன்னர்லூப் அதுக்கு முன்னாடி செஞ்சது ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர்னு ஒரு போர் விமான கேம், 1997-ல. விமானத்துல பறக்குறவனுக்கு பல மைல் தூரம் தரை தெரியணும் இல்லையா, அதுக்காக எழுதின இன்ஜின், அதாவது கேமை ஓட்டுற சாஃப்ட்வேர். அதே இன்ஜின்ல துப்பாக்கி கேம் செஞ்சுட்டாங்க. அதனாலதான் மத்த துப்பாக்கி கேம் நிறைய காரிடார்ல, ரூமுக்குள்ள ஓடிட்டிருந்த காலத்துல, ஐஜிஐல அடுத்த மலை வரைக்கும் தெரிஞ்சுது. கட்டடத்துக்கு உள்ள போனா வெறிச்சோடி இருக்கும், நாலு மேஜை, ரெண்டு பீரோ, அவ்வளவுதான். விமானக்காரன் செஞ்ச வீடு வேற எப்படி இருக்கும்?

சேவ் இல்லாத கேமு, தூரம் வரைக்கும் தெரியுற கேமு. ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்? பாக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரக் காசுல முதல் இருபது நிமிஷம் நான் சுடவே மாட்டேன். பைனாகுலர்லயே கண்ணு. டவர்காரன் எப்ப திரும்புறான், கேட்டுக்காரன் எத்தனை அடி நடந்து நிக்கிறான், கேமரா எந்தப் பக்கம். பக்கத்துல வாய்க்காரன் "டேய், 5 ரூபாய் போச்சுடா, இன்னாடா படமா பாக்குற"ம்பான்.

இந்தப் பழக்கம் எனக்குக் கேம்ல வரல, மாந்தோப்புல வந்தது. சிரிக்காதீங்க. கிருஷ்ணகிரியில பொறந்துட்டு மாங்கா திருடலைன்னா எப்படி? எங்க மாமா ஊரு டேம் பக்கம். பக்கத்துத் தோப்பு முழுக்க பெங்களூரா, காய் அப்படியே கிளி மூக்கு மாதிரி தொங்கும். காவலுக்கு ஒரு தாத்தா, கையில டார்ச், கூட ஒரு செவலை நாய். மே மாசம், ராத்திரி எட்டரை மணி இருக்கும். வாய்க்கால் மேட்டுல நானும் மாமா பையனும் குப்புறப் படுத்துக்கினு இருந்தோம். தாத்தா பீடி பத்த வச்சாருன்னா அந்தச் சிகப்புப் புள்ளி எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும். புள்ளி கிணத்துப் பக்கம் போயி, அங்க கொஞ்ச நேரம் நின்னு, பம்ப்செட் ரூமைச் சுத்தி வரும். மூனு ரவுண்டு பாத்தோம். நாலாவது ரவுண்டுல புள்ளி பம்ப்செட் ரூமுக்குப் பின்னாடி மறைஞ்சதும் இறங்கினோம். எல்லாம் கரெக்டு. நாய்க்கு வீட்டுல இருந்து வர்க்கி கூட எடுத்துட்டுப் போயிருந்தோம். ஆனா கீழ சருகு. காஞ்ச மாவிலை மேல கால் வச்சா அப்பளம் நொறுங்குற மாதிரி சத்தம். "எவன்டா அவன்?" அவ்வளவுதான். ஆறு காயோட ஓடி வந்து, உப்பு மிளகாத்தூள் போட்டுத் தின்னோம். மறுநாள் தாத்தா மாமா வீட்டுக்கே வந்து, "பையன் வந்திருக்கானாம்மா ஊருக்கு? காய் புளிச்சுதா?"னு கேட்டுட்டுப் போனாரு. எங்க அலாரம் அதுதான்.

இப்ப ரெண்டாவது பாகம். நல்ல கேமு. ஊர்ந்து போயி, எட்டிப் பாத்து, சத்தமில்லாம போறதுக்கு எல்லா வசதியும் இருக்கு. ஆனா நான் அதுல என்ன பண்ணேன் தெரியுமா? சேவ் பண்ணேன், உள்ள ஓடினேன். செத்தேன். லோடு. இந்தத் தடவை இடது பக்கம் ஓடினேன். செத்தேன். லோடு. மூனாவது தடவை கதவுக்குப் பின்னாடி எவன் நிக்கிறான்னு எனக்குத் தெரியும், ஏன்னா அவன் கையால ரெண்டு தடவை செத்திருக்கேன். பைனாகுலரை எடுத்ததே குறைவு. கேம் எனக்கு ஒளியுறதுக்குக் கை கால் எல்லாம் கொடுத்துச்சு, நான் ஒளியவே இல்ல. இது கேம் மேல தப்பா, என் மேல தப்பானு கேட்டா, என் மேலதான் முக்காவாசி. ஆனா மீதி கால்வாசி கேம் மேல. சேவ் பட்டனைக் கையில கொடுத்துட்டு அமுக்காதேன்னா எந்தப் பதினாறு வயசுப் பையன் கேப்பான்?

அதுக்காக சேவ் இல்லாததுதான் சூப்பர்னு நான் சொல்லல. இன்னைக்கு வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் உக்காருற மனுஷனுக்கு முதல் பாகம் கொடுமை. மூனாவது தடவை அதே மிஷனை முதல்ல இருந்து ஆரம்பிக்கிறப்ப எனக்கே கை நடுங்குது, கோவத்துல.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஐஜிஐ 3, ஐஜிஐ 4னு எவனாவது கொடுத்தா வாங்காதீங்க. நான் 60 ரூபாய் கொடுத்து ஒரு சிடி வாங்கினேன், கவர்ல பெருசா ஐஜிஐ 3, த மார்க்னு போட்டிருந்துச்சு. வீட்டுக்கு வந்து போட்டா ஜோன்ஸே இல்ல. த மார்க் அப்படிங்கறது வேற ஆளுங்க செஞ்ச வேற கேமு, நம்ம ஊர் சிடிக்காரங்க வச்ச பேருதான் ஐஜிஐ 3. இன்னர்லூப் 2003-லயே கடையைச் சாத்திட்டாங்க, அவங்க கையால வந்தது ரெண்டே ரெண்டுதான்.

தம்பி, நீ இதைப் பாப்பேன்னு தெரியும். ரெண்டை முதல்ல விளையாடு. கன்ட்ரோல் கைக்கு வரட்டும், ஊர்ந்து பழகு. அப்புறம் ஒன்னுக்கு வா, ட்ரெயின்யார்டு மட்டும் போதும். மேட்டு மேல நில்லு, பைனாகுலரை எடு, பத்து நிமிஷம் சுடாத. போரடிச்சா அன்இன்ஸ்டால் பண்ணிடு, நான் ஒன்னும் நினைச்சுக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிறு நானே ட்ரெயின்யார்டை லைவ்ல விளையாடுறேன். வீட்டுல இன்வெர்டர் பேட்டரி போன மாசம்தான் மாத்தினேன், அதனால கரண்ட் போனாலும் பயம் இல்ல... அம்மா கூப்பிடுறாங்க. தோ வரேன்மா! துணி எடுக்கணுமாம், மழை வருது. கோட்டைப் பக்கம் பாருங்க, மேகம் இறங்கிடுச்சு. சரி மக்களே, கேமராவைத் தூக்கிட்டு ஓடுறேன்.