கடுகும் காரமும்: லூக்கா மோட்ரிச்சும் குரோஷியாவின் கோப்பைக் கனவும்

விழாத் தலைவர் அவர்களே, பரிசுக் கோப்பைகளோடு நாற்பது ஜோடி பூட்ஸும் வாங்கித் தந்திருக்கும் புரவலர் அய்யா அவர்களே, வேலைக்கு நடுவிலும் வந்து உட்கார்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, போன வருஷம் கேட்ட ஒரே மாதத்தில் இந்த மைதானத்துக்கு இரண்டு லைட் கம்பம் போட்டுக் கொடுத்த கவுன்சிலர் அவர்களே, பந்து தொலைந்தாலும் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் தேடி எடுத்துத் தருகிற காவலாளி அண்ணன் அவர்களே, பிள்ளைகளைக் கூட்டிவந்திருக்கும் தாய்மார்களே, பரிசுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முப்பது வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் நான். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. குரோஷியா நாட்டுக் கால்பந்து வீரர் லூக்கா மோட்ரிச்சைப் பற்றிப் பேசச் சொன்னதால் ஒப்புக்கொண்டேன். மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். மோட்ரிச் தன் நாட்டுக்கு என்ன கொடுத்தார், கோப்பை ஏன் கைநழுவிப் போனது, கடைசியாக என் கோரிக்கை ஒன்று என்று மூன்று.

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். குரோஷியாவின் மக்கள்தொகை சுமார் 39 லட்சம்தான். 1991-ல் சுதந்திரம் அறிவித்த நாடு. 1998-ல் முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்தது, ஜெர்மனியை 3-0 என்று வீட்டுக்கு அனுப்பியது, மூன்றாம் இடம் பிடித்தது. டாவோர் ஷூக்கர் ஆறு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். 2019 முதல் 2024 வரை நம் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த இகோர் ஸ்டிமாக் அந்த அணியில் தற்காப்பு ஆடியவர்தான். 2018-ல் இரண்டாம் இடம். 2022-ல் மறுபடி மூன்றாம் இடம். 2022 வரை ஆடியது ஆறு உலகக் கோப்பை, அதில் மூன்றில் பதக்கம்! பிந்தைய இரண்டு பதக்கத்துக்கும் கேப்டன் மோட்ரிச்.

சரி, 2018 உலகக் கோப்பையில் டென்மார்க்கோடு ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறேன். 2018 ஜூலை 1, ரஷ்யாவில் நீஷ்னி நோவ்கோரத். முதல் நிமிஷத்திலேயே டென்மார்க் கோல். நாலாவது நிமிஷம் குரோஷியாவின் மாண்ட்சுகிச் சமன் செய்கிறார். அப்புறம் 110 நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் கோல் இல்லை. கூடுதல் நேரம் முடியப்போகிறது. 116-வது நிமிஷத்தில் மோட்ரிச் ஒரு பாஸ் கொடுக்கிறார் பாருங்கள், ஊசியில் நூல் கோர்த்த மாதிரி. சக வீரர் ரெபிச் கோல்கீப்பரையும் தாண்டிவிட்டார், எதிரில் காலி வலை, பின்னாலிருந்து தட்டிவிட்டார்கள். பெனால்டி! அடிக்க வருகிறவர் மோட்ரிச். கோலில் நிற்பவர் காஸ்பர் ஷ்மைக்கேல். மேலே கேலரியில் அவருடைய அப்பா பீட்டர் ஷ்மைக்கேல், அவரும் பெரிய கோல்கீப்பர். மோட்ரிச் அடித்தார். மகன் பாய்ந்து பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அப்பா கேலரியில் குதிக்கிறார்.

இப்போது மோட்ரிச்சின் மனசை நினைத்துப் பாருங்கள். பத்து வருஷம் முன்னால், 2008-ல், வியன்னாவில் துருக்கியோடு ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. அன்றைக்கும் பெனால்டி ஷூட் அவுட், அதாவது சமனான ஆட்டத்தை இரு அணியும் மாறிமாறிப் பெனால்டி அடித்து முடிப்பது. அன்றைக்கு முதல் பந்தை அடித்து வெளியே விட்டவர் இவர்தான். அந்தக் காயத்தோடு வந்தவர், இங்கேயும் தவறவிட்டுவிட்டார். இன்னும் சில நிமிஷத்தில் ஷூட் அவுட். நானாக இருந்தால் காலில் பிடிப்பு என்று ஓரமாகப் போய் உட்கார்ந்திருப்பேன். அவர் என்ன செய்தார்? மூன்றாவது ஆளாக மறுபடி நடந்து வந்தார். அதே கீப்பர். நடுவாகத் தட்டினார். கோல்! குரோஷியக் கீப்பர் சுபாஷிச் மூன்று பந்தைத் தடுத்தார், ராக்கிடிச் கடைசிப் பந்தை உள்ளே போட்டார், குரோஷியா ஜெயித்தது. என் வீட்டில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார்.

கோப்பை ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் இந்த ஆட்டத்திலேயே பதில் இருக்கிறது. டென்மார்க், ரஷ்யா, இங்கிலாந்து என்று மூன்று ஆட்டமும் 90 நிமிஷத்தில் முடியாமல் 120 நிமிஷம் போனது. கூட்டிப் பாருங்கள், இறுதியில் எதிரே நின்ற பிரான்ஸைவிட ஒரு முழு ஆட்டம் அதிகமாக ஓடிவிட்டு இறுதிப் போட்டிக்கு வந்தார்கள். 4-2 என்று தோற்றார்கள். 2023-ல் ராட்டர்டாமில், ஐரோப்பிய நாடுகள் மோதும் நேஷன்ஸ் லீக் இறுதிப் போட்டி, ஸ்பெயினிடம் பெனால்டியில் போயிற்று. 2024 ஐரோப்பியக் கோப்பையில், லைப்ஸிக்கில் இத்தாலியோடு மோட்ரிச் பெனால்டியைத் தவறவிட்டு, அடுத்த நிமிஷமே கோல் அடித்தார். 98-வது நிமிஷத்தில் இத்தாலி சமன் செய்துவிட்டது. மாண்ட்சுகிச் போன பிறகு அவர்களுக்கு ஒரு முழுமையான கோலடிப்பவர் அமையவில்லை என்பது என் கணிப்பு. 2026 உலகக் கோப்பையில் குரோஷியா இங்கிலாந்து, கானா, பனாமாவோடு ஒரே பிரிவு. நாற்பது வயதில் மோட்ரிச்சுக்கு இன்னொரு உலகக் கோப்பை வாய்ப்பு. அந்தக் கோப்பை அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மூன்றாவது விஷயத்துக்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். குரோஷியாவின் சுதந்திரப் போரில் மோட்ரிச்சின் தாத்தாவைச் சுட்டுக் கொன்றார்கள். குடும்பம் அகதியாக ஸாதார் நகரத்து ஹோட்டலில் தங்கியது. ஹோட்டலின் கார் நிறுத்துமிடத்தில்தான் பையன் பந்து உதைத்தான். ஹைடுக் ஸ்பிளிட் கிளப் தேர்வுக்குப் போனான். ஆள் சின்னது, உடம்பில் வலு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தோமிஸ்லாவ் பாஷிச் என்ற ஸாதார் பயிற்சியாளர் மட்டும் விடவில்லை. அந்தப் பையன்தான் 2018-ல், உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலன் தோர் விருது வாங்கினான். 2008 முதல் 2017 வரை மெஸ்ஸியும் ரொனால்டோவும் மாறிமாறி வைத்திருந்த விருது அது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. ஆனால் கடித்துப் பார்த்தால்தானே காரம் தெரியும்?

தலைவர் அவர்களே, வட்டாட்சியர் அம்மா, இங்கேதான் என் கோரிக்கை. என்னிடம் ஆடிய பதினோரு வயதுப் பையன் ஒருவன். இரண்டு காலிலும் பந்து பேசும். ஒரு தேர்வுக்குக் கூட்டிப்போனேன். பந்தைத் தொடவிடவே இல்லை. சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள், மூன்று சென்டிமீட்டர் குறைவு, போய் வா என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவன், ஊர் வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து ஆட வரவில்லை. இப்போது மெக்கானிக் கடையில் இருக்கிறான். பன்னிரண்டு வயதில் ஒருவனுக்கு மீசை முளைத்திருக்கும், இன்னொருவனுக்குப் பால்பல்லே முழுசாக விழுந்திருக்காது. இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி அளந்தால் யார் நிற்பார்கள்? ஐந்து வருஷம் கழித்துக் கதையே மாறிவிடும். அதனால் பதினான்கு வயதுக்கு உட்பட்ட தேர்வுகளில் உயரம் அளப்பதை நிறுத்துங்கள். பந்தைக் கொடுங்கள், பதினைந்து நிமிஷம் ஆடவிடுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மனுவாக எழுதிவைத்திருக்கிறேன். இதுவரை 212 கையெழுத்து. வாசல் பக்கம் டீ மேசைக்கு அருகே நோட்டுப் புத்தகம் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன். வட்டாட்சியர் அம்மா முதல் ஆளாகப் பார்த்தால் சந்தோஷப்படுவேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பிள்ளைகளுக்குப் பசிக்கும். பரிசளிப்பு தொடங்கட்டும், வணக்கம்.