ஒரு குழி நிலத்தில் ஒரு கணக்கு வகுப்பு

ஆசிரியப் பெருமக்களே, பள்ளி மேலாண்மைக் குழுவினரே, வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் மரபு என்றாலே பொங்கல் விழாவும் கும்மியும்தான் நினைவுக்கு வருகின்றன. நல்லதுதான், ஆனால் விழா ஒரே நாளில் முடிந்துவிடும், கணக்குப் பாடம் வருஷம் முழுக்க நடக்கும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இன்றும் நிலத்தை 'மா' என்ற பழைய நில அளவின் கணக்கில்தான் பேசுகிறோம். அந்தக் கணக்கு வகுப்புக்குள் வர வேண்டும்.

12 அடி மூங்கில் கோல், 12 அடிக்குச் சற்று நீளமான கயிறு, சுண்ணாம்புப் பொடி. இவ்வளவு போதும். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் கொண்ட சதுரம் ஒரு குழி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி.

மைதானத்தில் ஒரு குழி போடச் சொன்னால் பிள்ளைகள் தடுமாறுவது மூலையில். நான்கு பக்கமும் 12 அடி சரியாக இருக்கும், ஆனால் சதுரம் கோணிச் சாய்சதுரமாகிப் பரப்பு குறைந்துவிடும். அங்கேதான் கயிறு வேண்டும். 0, 3, 7, 12 அடிகளில் சாயம் தடவி அடையாளமிடுங்கள். முடிச்சுப் போட்டால் நீளம் குறையும். தேங்காய் நார்க் கயிறானால் இழுக்க இழுக்க நீளும், அது வேண்டாம். 0, 12 இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பிடித்து, மற்ற இரண்டிலும் ஆளுக்கொருவர் இழுத்தால் 3, 4, 5 அடி முக்கோணம் கிடைக்கும். 3 அடி அடையாளத்தில் இருப்பது செங்கோணம். குழியைப் போட்டு முடித்ததும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் சமமாக, 17 அடிக்கு ஒரு சென்டிமீட்டர் போலக் குறைவாக இருந்தால் சதுரம் சரி. பிதாகரஸ் தேற்றம் பாடமாக வரும்போது பிள்ளைகளுக்கு அது கையால் செய்து பார்த்த கணக்காக இருக்கும்.

பின்னத்துக்கும் இதே நிலம் உதவும். வேலியில் 20-இல் ஒரு பங்கு மா. திண்ணைப் பள்ளிக் கணக்கு வாய்ப்பாட்டு நூலான பழைய எண்சுவடியிலும் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி: 4/80 + 1/80 = 5/80, அதாவது 1/16. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவு இப்படிப்பட்ட பின்னங்களில்தான் வெட்டப்பட்டிருக்கிறது. வாய்ப்பாட்டை மட்டும் ஒப்பிக்கவைத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். திண்ணைப் பள்ளியின் கணக்குதான் நமக்கு வேண்டும்; பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்ட கோதண்டம் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் எந்த உடல் தண்டனையையும் தடை செய்கிறது.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். "உங்க வீட்டுல எத்தனை மா நிலம்?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் ஏராளம்; அந்த ஒரு கேள்வியில் அவர்கள் தலை குனிந்துவிடும். அளப்பதெல்லாம் பள்ளி மைதானத்திலேயே இருக்கட்டும். அதற்குப் பதிலாக நடவு வேலை செய்யும் அம்மாக்களை வகுப்புக்கு அழையுங்கள். மாவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி நட்டவர்களுக்கு வயலைப் பார்த்தே பரப்பை மதிக்கத் தெரியும். "வாங்கம்மா" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்து, மைதானத்தில் ஒரு மூலையை மதிப்பிடச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் கோலால் அளந்து ஒப்பிடட்டும். யாரை மதிப்பது என்பதைப் பிள்ளைகள் அந்த நாற்காலியிலிருந்து கற்றுக்கொள்வார்கள், நீதிபோதனை வகுப்பைவிட நன்றாகவே.

மேல் வகுப்புக்குப் போனால் பட்டா. ஊரில் மா, பேச்சில் ஏக்கர், சென்ட், பட்டாவில் ஹெக்டேர், ஏர் (100 சதுர மீட்டர்). பெயர் போடாத மாதிரிப் பட்டா ஒன்றைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கப் பழக்குங்கள். ஒரு மா என்பது 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட், 13.38 ஏர். மூன்று மா ஓர் ஏக்கர் என்று வாய்க்கணக்கில் சொல்கிறோம். ஏக்கர் 43,560 சதுர அடி, மூன்று மா 43,200. ஏக்கருக்கு 360 சதுர அடி, இரண்டரைக் குழி விட்டுப்போகிறது. பத்து ஏக்கருக்குக் குத்தகை பேசினால் 25 குழி, கால் மா. இதைப் பிள்ளைகளே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். விடையை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.