ஆய்வுக்கூடத்தில் நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உளவியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கப்போகும் மாணவர்கள் முதலில் கேட்பது கணக்கைத்தான். எத்தனை மாதம் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும்? கட்டுரை வெளியாகியிருக்க வேண்டுமா? மாநாட்டில் ஆய்வைச் சுவரொட்டியாக வைத்து விளக்கியது சேருமா? நியாயமான கவலைதான். ஆனால் விண்ணப்பத்தைப் படிப்பவர் எதைத் தேடுகிறார் என்று முதலில் பார்ப்போம்.

பல பல்கலைக்கழகங்களில் இந்தச் சேர்க்கை என்பது ஒரு பேராசிரியர் தம் ஆய்வுக்கு ஆள் தேடுவது. பல ஆண்டுகள் அந்த மாணவரோடுதான் அவர் வேலை செய்யப்போகிறார். நீங்கள் நன்றாகப் படிப்பவர் என்பதை மதிப்பெண் சொல்லிவிடும். மாதக்கணக்கில் தரவு திரட்டிய பிறகு கருதுகோள் பொய்த்துப்போனால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை அது சொல்லாது. அதைக் கண்டுகொள்ளத்தான் உங்கள் ஆய்வு அனுபவத்தைத் துருவிப் பார்க்கிறார்கள்.

"நான் சிகிச்சை தரப்போகிறவன், எனக்கு எதற்கு ஆய்வு?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1949இல் போல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது. 1973இல் வேய்ல் (Vail) நகரில் கூடிய மாநாடு, சிகிச்சைத் தொழிலை முதன்மையாகக் கொண்ட முனைவர் பட்டத்துக்கும் இடமளித்தது. ஆய்வில் மனம் ஒட்டவில்லை என்றால் அந்த இரண்டாவது வழியைத் தயங்காமல் தேர்ந்தெடுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. பிடிக்காத ஆய்வைப் பிடித்ததுபோல் எழுதி உள்ளே போவதுதான் துன்பம்.

சரி, ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேரும் மாணவருக்கு என்ன வேலை கிடைக்கும்? பங்கேற்பாளர்களுக்குத் தொலைபேசியில் நினைவூட்டுவது, ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, காணொளியைப் பார்த்துக் குறியிடுவது. சலிப்பான வேலை என்று பலர் இதைக் கடந்துபோய்விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குழந்தை தன் தாயோடு விளையாடும் காணொளியை இருவர் தனித்தனியே பார்க்கிறார்கள். இந்த விநாடியில் குழந்தை பதற்றமாக இருக்கிறதா, இல்லையா? ஒருவர் ஆம் என்கிறார், மற்றவர் இல்லை என்கிறார். தற்செயலாக ஒத்துப்போகும் அளவைக் கழித்துவிட்டு இருவரின் உடன்பாட்டைக் கணக்கிட உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த அளவுதான் கப்பா. அந்த எண் குறைவாக வந்தால், குற்றம் பார்த்தவரிடமா, நாம் வகுத்த வரையறையிடமா? கண்ணுக்குத் தெரியாத மனநிலையை எப்படி அளப்பது என்ற உளவியலின் அடிப்படைச் சிக்கலே அங்கே உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. வரையறையை மாற்றச் சொல்லி நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், அதுவே ஆய்வு. விண்ணப்பத்தோடு நீங்கள் தரும் நோக்க அறிக்கையில் அதை எழுதுங்கள். "மூன்று திட்டங்களில் பங்கேற்றேன்" என்ற வரி யாருக்கும் எதையும் சொல்வதில்லை.

முடிவு எதிர்பார்த்தபடி வரவில்லையே என்று மறைக்கவும் வேண்டாம். 2015இல் வெளியான ஒரு பெரும் கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க முடிவை, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவை, காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் அப்படிக் காட்டின. கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் தரவு திரட்டுமுன்பே பதிவுசெய்யும் வழக்கம் பரவியதற்கு இத்தகைய அதிர்ச்சிகளும் காரணம். விளைவு எதுவும் தென்படாத ஓர் ஆய்வில் நீங்கள் இருந்திருந்தால், மாதிரி சிறியதாக இருந்ததா, அளவுகோல் பிழையா, கருதுகோளே தவறா என்று யோசித்ததைச் சொல்லுங்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் இதையெல்லாம் அனுபவித்தவர்கள்.

இங்கே வந்திருக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வார்த்தை. ஊதியமில்லாமல் ஆய்வுக்கூடத்தில் உழைக்க எல்லாருக்கும் முடியாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களை இந்த வழக்கம் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. உதவியாளர்களுக்கு ஊதியம் கொடுங்கள். இது சலுகை அல்ல, நியாயம்.

அத்தகைய சூழலில் இருக்கும் மாணவர்கள் சோர்ந்துவிடாதீர்கள். பொதுவெளியில் கிடைக்கும் தரவு ஏராளம். அமெரிக்காவின் பொதுச் சமூகக் கணக்கெடுப்பு 1972 முதல் நடக்கிறது. அதன் தரவை யாரும் இலவசமாகப் பெறலாம். ஒரு கேள்வியை எடுத்து, தக்க வழிகாட்டியோடு பகுப்பாய்வு செய்து, பட்டப்படிப்பின் ஆய்வேடாக எழுதலாம்.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலையை அன்றாடம் பார்த்தவர் ஒரு முதுநிலை ஆய்வு மாணவராக இருப்பார், கையெழுத்திடுபவர் பேராசிரியர். அந்த மாணவரின் குறிப்புகளைப் பெற்று எழுதும்படி பேராசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அப்போதுதான் கடிதத்தில் உங்கள் வேலை இருக்கும். இல்லையென்றால் பொதுவான பாராட்டுத்தான் இருக்கும்.

நேர்காணலுக்குப் போகுமுன், நீங்கள் வேலை செய்த ஆய்வின் அடுத்த கட்டமாக நீங்களே என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். யாரை அளப்பீர்கள், எதைக் கொண்டு, எந்த முடிவு வந்தால் உங்கள் எண்ணம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பது அதில் இருக்கட்டும். எழுதியதை உங்கள் வழிகாட்டியிடம் கொடுத்து, குறை சொல்லச் சொல்லுங்கள்.