நேற்று வாங்கிய பிளேயர் இன்று ஏன் பழசாகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய எம்பி3 பிளேயர் இருக்கிறது. அதை வாங்கிய எட்டாவது மாதமே, அதே விலைக்கு இரண்டு மடங்கு பாட்டு கொள்ளும் புது மாடல் வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருக்கலாமே என்று என்மேல் கோபம், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று கம்பெனிமேல் கோபம். பிறகு, இந்தக் கருவிகளுக்குள் என்னென்ன இருக்கிறது, அவை எங்கிருந்து வருகின்றன என்று தேடித் தேடிப் படித்தேன். கோபத்தில் பாதி கரைந்துபோனது. மீதிப் பாதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சோனி நிறுவனம், கேசட் போட்டுக் கேட்கும் கையடக்கப் பிளேயரான வாக்மேனின் முதல் மாடலை 1979 ஜூலை 1ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் மாடலுக்கு மாடல் அது இளைத்துக்கொண்டே வந்தது. 1983இல் வந்த ஒரு மாடல் ஏறக்குறைய கேசட் டப்பா அளவுதான். அதற்குமேல் இளைக்க முடியாது; உள்ளே கேசட் போயாக வேண்டுமே! அப்புறம் புதுமையை வேறு பக்கம் தேடினார்கள். தண்ணீர் தெறித்தாலும் கெடாத மஞ்சள் வாக்மேன் வந்தது. ரேடியோ சேர்ந்தது. கேசட்டைத் திருப்பிப் போடாமலே மறுபக்கம் பாடியது. இப்படியே நூற்றுக்கணக்கான மாடல்கள். ஆனால் கேசட்டில் அடங்கும் பாட்டின் அளவு மட்டும் அப்படியே இருந்தது.

பாட்டு கேசட்டை விட்டுச் சிப்புக்கு மாறியதும் அந்த வரம்பு உடைந்தது. 1998இல் வந்த ரியோ என்ற பிளேயரின் உள்நினைவகம் 32 எம்பி. ஓரளவு நல்ல தரத்தில் பதிந்தால் அரை மணி நேரப் பாட்டுதான் கொள்ளும். 2001 அக்டோபரில் ஆப்பிள் அறிவித்த முதல் ஐபாடில் சிறிய ஹார்டு டிஸ்க் இருந்தது. 5 ஜிபி, ஆயிரம் பாட்டு. சிப்புகளும் சும்மா இருக்கவில்லை. அதே அளவு சிலிக்கானில் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இரு மடங்கு தகவலை அடைக்கக் கற்றுக்கொண்டே போனார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேயர் செய்பவர் வேறு, சிப் செய்பவர் பெரும்பாலும் வேறு. புதிய சிப் வந்தால் அது போட்டியாளருக்கும் கிடைக்கும். "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று ஒருவர் உட்கார்ந்தால், பக்கத்துக் கம்பெனி அதைப் போட்டு விற்றுவிடும். கிடங்கில் தேங்கிய பழைய பிளேயரோ மாலையில் மிஞ்சிய பூ மாதிரி. உள்ளே இருக்கும் சிப்பின் விலை மாதாமாதம் இறங்க, முழுக் கருவியின் மதிப்பும் கூடவே இறங்கும். அதனால் சீக்கிரம் செய்து, சீக்கிரம் விற்றுத் தீர்த்து, அடுத்ததற்குப் போயாக வேண்டும். நான் பேராசை என்று நினைத்ததில் பெரும்பகுதி உண்மையில் பயம்.

ஐபாட் மினியின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2004இல் வந்த அந்தக் கருவி சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. 2005 பிப்ரவரியில் அதன் இரண்டாவது மாடலும் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் மினியையே நிறுத்திவிட்டு நானோவைக் கொண்டுவந்தது. மினிக்குள் சுழலும் ஹார்டு டிஸ்க், நானோவுக்குள் அசையாத சிப். எடை 42 கிராம்தான். நன்றாக விற்கும் பொருளை யாராவது நிறுத்துவார்களா? தான் நிறுத்தாவிட்டால் வேறொருவர் அதை ஓரம்கட்டிவிடுவார் என்று தெரிந்தவர்கள் நிறுத்துவார்கள். இரண்டு மாதம் கழித்து, சிப் தட்டுப்பாடு வரக்கூடாது என்று சாம்சங், தோஷிபா உள்ளிட்ட ஐந்து நிறுவனங்களோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டு, 125 கோடி டாலரை முன்பணமாகக் கொடுக்கவும் ஆப்பிள் முன்வந்தது.

இதுவரை சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எல்லா மாற்றமும் இப்படி வருவதில்லை. 2009இல் வந்த ஐபாட் ஷஃபிளின் உடலிலிருந்து பாட்டை மாற்றும் பொத்தான்களை எடுத்துவிட்டு, இயர்போன் கம்பியில் வைத்தார்கள். கையிலிருந்த வேறு இயர்போனை மாட்டினால் பாட்டை மாற்ற வழியில்லை. மறு வருஷமே பொத்தான்கள் உடலுக்குத் திரும்பி வந்தன. இதைப் புதுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மீதிக் கோபம் முழுக்க பேட்டரி மேல்தான். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை முழுதாகச் சார்ஜ் ஆனதும் தளரத் தொடங்கும். அது வேதியியல், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தளரும் என்று தெரிந்த ஒரு பொருளை, எளிதில் திறக்க முடியாதபடி உள்ளே வைத்து மூடுவது வடிவமைப்பாளர் எடுக்கும் முடிவு. என் பிளேயர் நான்காம் வருஷம் அரை மணி நேரத்திலேயே அணைந்துபோக ஆரம்பித்தது. பழுது பார்க்கும் இடத்தில் கேட்டால், "மாற்றுவதற்குப் பதில் புதுசே வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். திரை, பொத்தான், ஒலி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. புது மாடல் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையதை வைத்திருப்பவர் வைத்திருக்க வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

போட்டி செல்பேசிக்கு இடம் மாறியதும் இந்த ஓட்டம் தானாக ஓய்ந்தது. நானோவின் கடைசி வடிவம் 2012இல் வந்ததுதான். பிறகு அதன் நிறம்தான் மாறியது. 2022 மே மாதம் ஐபாடை முழுதாக நிறுத்துவதாக ஆப்பிள் அறிவித்தது. ஆனால் பழைய ஐபாடைப் பக்குவமாகத் திறந்து, ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்திப் பாட்டு கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நானும் துணிந்தேன். போன மாதம் என் பிளேயரின் மூடியை மெல்ல நெம்பித் திறந்து, வேறு பேட்டரி வைத்து மூடினேன். நேற்று இரவு நான்கு மணி நேரம் பாடியது.

நன்றி, வணக்கம்.